கப்பல் மேடையும் நொய்யல் கரையும்: மார்ட்டிமர் வீலரை முன்வைத்து

1

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடிப் பேசுவதுண்டு. அதைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து பேர், ஒரு மொட்டைமாடி, டீ, அவ்வளவுதான். ஒருமுறை அங்கே அரிக்கமேடு பற்றிப் பேசப் போயிருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் பேசினேன். யவனர், மரக்கலம், மதுச் சாடி, மிளகு, மஸ்லின் எல்லாம் வந்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது செங்கல் தொட்டிகள் கிடைத்ததையும், அவை துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகளாக இருக்கலாம் என்று அவர் கருதியதையும் சொன்னேன். ‘ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க சாயம் போட்ட துணிய இத்தாலிக்காரனுக்கு வித்திருக்காங்க’ என்று முடித்தேன். கைதட்டலை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சாயப்பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்த ஒருவர் கேட்டார்: ‘அதெல்லாஞ் செரிங்க. அந்தத் தொட்டித் தண்ணிய எங்கீங்க உட்டாங்க?’

என்னிடம் பதில் இல்லை. சமாளித்துவிட்டு வந்து வீலரின் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ இரண்டாம் இதழில் 1946இல் வெளியான அறிக்கை அது. தொட்டிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரவும் வெளியேற்றவும் செங்கல் வாய்க்கால்கள் இருந்தன என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நான் அதைப் பல தடவை படித்தவன். படிக்கும்போது மதுச் சாடி கண்ணில் பட்டது, வாய்க்கால் படவில்லை. சாயப்பட்டறைக்காரருக்கு அறிக்கையைப் பார்க்காமலேயே வாய்க்கால் தெரிந்திருக்கிறது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? படிப்பிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. வரலாற்றை எங்கே நின்று பார்க்கிறோம், யாருக்குச் சொல்கிறோம் என்பதிலிருந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ள வீலருடைய வாழ்க்கையின் கடைசிப் பகுதி எனக்கு உதவியது. நம்மில் பலர் கவனிக்காத பகுதி அது: வீலர் உல்லாசக் கப்பல்களில் சரித்திரப் பேச்சாளராக இருந்த காலம்.

2

ராபர்ட் எரிக் மார்ட்டிமர் வீலர் (1890–1976) கிளாஸ்கோவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. போருக்குப் பிறகு வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்திலும் லண்டன் அருங்காட்சியகத்திலும் பொறுப்பு வகித்தார். வெருலமியம், மெய்டன் காசில் ஆகிய இடங்களில் 1930களில் அவர் நடத்திய அகழ்வுகள் பேர் பெற்றவை. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, நடுவே வரப்பு விட்டு, அந்த வரப்பின் பக்கவாட்டில் மண்ணடுக்குகளைப் படிக்கும் முறை அவர் பெயரோடு சேர்ந்து வழங்குகிறது. அந்த வேலையில் அவருக்குச் சமமாக நின்றவர் மனைவி டெஸ்ஸா. லண்டனில் தொல்லியல் கழகம் ஒன்றை உண்டாக்க இருவரும் சேர்ந்து பாடுபட்டார்கள். 1937இல் அது திறக்கப்பட்டபோது டெஸ்ஸா உயிரோடு இல்லை, முந்தின வருடமே இறந்துபோயிருந்தார். முறைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கணவருடையது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மறுபடி பீரங்கி, வட ஆப்பிரிக்கா, 1943இல் இத்தாலியின் சலெர்னோ கடற்கரையில் தரையிறக்கம். அந்தப் போர்க்களத்திலிருந்துதான் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பதவிக்கு வந்தார். அழைத்தவர் வைசிராய் வேவல், அவரும் ஒரு ராணுவத் தளபதி. 1944 முதல் 1948 வரை வீலர் இங்கே இருந்தார். நான்கே வருடங்களில் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி, அரிக்கமேடு, ஹரப்பா, பிரம்மகிரி என்று ஓடினார். பி.பி.லால், பி.கே.தாப்பர் போன்ற ஒரு தலைமுறை இந்தியத் தொல்லியலாளர்கள் அவரிடம் பயின்றவர்கள். பிறகு பாகிஸ்தான் அரசுக்கு ஆலோசகர், 1950இல் மொகஞ்சதாரோவில் அகழ்வு. லண்டன் திரும்பி பிரிட்டிஷ் அகாதமியின் செயலாளர். 1952இல் சர் பட்டம். பிபிசி தொலைக்காட்சியின் ‘அனிமல், வெஜிடபிள், மினரல்?’ என்ற வினாடி வினா நிகழ்ச்சியில் தோன்றி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். 1954இல் பிரிட்டனின் அந்த ஆண்டுக்கான தொலைக்காட்சிப் பிரமுகராகத் தேர்வானார்.

அந்த 1950களில்தான் கப்பல் வருகிறது. லண்டனின் ஸ்வான் என்ற குடும்பப் பயண நிறுவனம் கிரேக்க, துருக்கியக் கரைகளுக்குச் ‘சரித்திரக் கப்பல் பயணம்’ நடத்தத் தொடங்கியது. ஸ்வான் ஹெலனிக் என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு பயணத்திலும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் தொல்லியலாளர்களும் பேச்சாளர்களாகக் கூட வருவார்கள். கப்பலில் சொற்பொழிவு, கரையில் இறங்கி இடிபாடுகளுக்கு நடுவே விளக்கம், மறுபடி கப்பல். நெடுங்காலம் அந்தப் பேச்சாளர் வரிசையின் முகமாக இருந்தவர் வீலர். போர், ஆட்சி, அகழ்வு, தொலைக்காட்சி என்று பல தேசங்களில் சுற்றிய ஒருவரின் அனுபவம் முழுவதும் கடைசியில் கப்பல் மேடைக்கு வந்து சேர்ந்தது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அறிவைப் பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், பொதுமக்களுக்குப் புரியாத தொல்லியலால் பயனில்லை என்பதில் வீலர் உறுதியாக இருந்தார். அகழ்ந்த விஷயம் அறிக்கையாக அச்சேறாவிட்டால் அது அழிவு வேலைதான் என்று நினைத்தவர். அரிக்கமேட்டில் தோண்டியது 1945, அறிக்கை வந்தது 1946. நம்மூர் அகழ்வாய்வு அறிக்கைகளுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

3

ஆனாலும் கப்பல் மேடை என்ன மாதிரி மேடை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, அதன் நேரம். காலையில் இறங்கி மாலையில் ஏறிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் அடங்குகிற மாதிரியான வரலாறுதான் அங்கே செல்லுபடியாகும். ஓர் அரசன், ஒரு போர், ஒரு கோயில், ஒரு புதையல் போதும். முந்நூறு வருடம் ஒரே மாதிரி மணி உருட்டிக்கொண்டிருந்த தெருவைப் பற்றி அங்கே சொல்ல முடியாது.

இரண்டாவது, அதன் வழி. கப்பல் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிறது. ஆகவே வரலாறும் துறைமுகங்களைக் கோத்த மாலையாக ஆகிவிடுகிறது. துறைமுகத்துக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் மாட்டுவண்டியில் வந்தது, யார் கைபட்டு வந்தது என்பது தளத்தில் நின்று பார்த்தால் தெரியாது. கடலிலிருந்து பார்க்கும்போது உள்நாடு என்பது அடிவானத்தில் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான்.

மூன்றாவது, அதன் கேட்பாளர்கள். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். எந்த ஊரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அந்த ஊர்க்காரன் அந்த அறையில் இல்லை. அவன் கரையில் கழுதை ஓட்டுகிறவன், படம் விற்கிறவன், வழிகாட்டி. ‘அப்படியில்லீங்க’ என்று சொல்ல அங்கே அவனுக்கு நாற்காலி போடவில்லை. மறுப்பு வருவதற்கே வழியில்லாத இடத்தில் கதையாடல் மெருகேறிக்கொண்டே போகும்.

அப்படி மெருகேறிய கதை ஒன்று வீலரிடமே உண்டு. மொகஞ்சதாரோவின் மேலடுக்கில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து, படையெடுத்து வந்த ஆரியர்கள் செய்த படுகொலை அது என்றும், குற்றவாளிக் கூண்டில் இந்திரனே நிற்கிறான் என்றும் 1940களின் பிற்பகுதியில் எழுதினார். 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அந்த எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல, படுகொலைக்குச் சான்றில்லை என்று காட்டினார். ஆனால் கதை அதற்குள் ஊர் சுற்றிவிட்டது. நம் மேடைகளிலும் ஏறியது. நமக்கு வசதியான கதை என்பதால் நாமும் ‘அது எந்த அடுக்கு?’ என்று கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வீலரின் பார்வையைக் கப்பல் உண்டாக்கவில்லை. அரிக்கமேட்டு அறிக்கை அவர் பயணிகளுக்குப் பேசத் தொடங்குவதற்கு வருடங்கள் முன்பே எழுதப்பட்டது. அந்தப் பார்வை ஏற்கெனவே கடலிலிருந்து கரையைப் பார்க்கும் பார்வையாக இருந்தது. அதற்குப் பொருத்தமான இருக்கையைக் கப்பல் பின்னாளில் தந்தது, அவ்வளவே.

4

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 18ஆம் நூற்றாண்டிலேயே லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் அங்கே பழைய செங்கல் சுவர்கள் இருப்பதைக் குறித்திருக்கிறார். 1930களில் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அங்கே கிடைத்த மணிகளையும் கற்களையும் சேகரித்தார். அவற்றில் பல உள்ளூர்ச் சிறுவர்கள் பொறுக்கிக் கொண்டுவந்தவை. செதுக்கிய தலையுருவம் கொண்ட கல் ஒன்றை அவர் ரோமப் பேரரசன் அகஸ்டஸின் உருவம் என்று கருதினார்.

வீலரின் கதை சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரியில் தொடங்குகிறது. மத்தியதரைக் கடற்பகுதி மதுச் சாடியின் உடைந்த துண்டு ஒன்றை அங்கே கண்டு, அது புதுச்சேரிப் பக்கமிருந்து வந்தது என்று அறிந்து, உடனே கிளம்பினார். அங்கே அவர் கண்டது சிவப்பு மெருகு கொண்ட அரட்டைன் ஓடுகள். இத்தாலியின் அரெஸ்ஸோவோடு சேர்த்துப் பேசப்படும் மட்பாண்ட வகை. கி.பி. முதல் நூற்றாண்டின் முதற்பாதியோடு அதன் உற்பத்தி ஏறக்குறைய முடிந்துவிட்டது. காலம் தெரிந்த பொருள் அது. தென்னிந்தியாவில் காலம் தெரியாமல் கிடந்த அத்தனை மண்ணடுக்குகளுக்கும் இதை ஒரு கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்று வீலர் கண்டுகொண்டார். பிரம்மகிரியின் காலத்தை அவர் கணித்ததும் இந்தக் கடிகாரத்தை வைத்துத்தான். இது மேதைமை, சந்தேகமில்லை.

ஆனால் கடிகாரம் ரோமாபுரியுடையது என்பதால் நாளும் அங்கே விடிந்தால்தான் இங்கே விடியும் என்று ஆகிவிட்டது. வீலரின் சித்திரத்தில் அரிக்கமேட்டு மக்கள் மீன் பிடித்துக்கொண்டு சோம்பலாகக் காலம் தள்ளிய எளிய ஜனங்கள். அவர்களுக்கு நடுவே திடீரென்று ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து மதுவும் மேசைப் பாண்டங்களும் வந்து இறங்குகின்றன. கிராமம் பட்டணமாகிறது. ரோமானியர் வருகிறார்கள், வரலாறு தொடங்குகிறது. ‘இந்தோ-ரோமானிய வணிக நிலையம்’ என்று அறிக்கைக்கு அவர் வைத்த தலைப்பிலேயே இந்தச் சொல்லாடல் இருக்கிறது.

பெயர்களைப் பாருங்கள். அரட்டைன் ஓடுகளில் காமுரி, இத்தா என்பது போன்ற இத்தாலியப் பட்டறை முத்திரைகள் இருந்தன. காலத்தைச் சொல்லும் சாட்சிகளாக அவை மதிக்கப்பட்டன. அதே மண்ணில் தமிழ்ப் பிராமி கீறிய பானையோடுகளும் கிடைத்தன. அவையும் அறிக்கையில் அச்சாயின. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறியது இத்தாலிக் குயவன் மட்டும்தான். தமிழ் எழுதிய கை அவனை வைத்துக் காலம் கணிக்கப்பட வேண்டிய கையாக இருந்தது. தொல்லியலாளன் தோண்டி எடுப்பது பொருள்களை அல்ல, மனிதர்களை என்று 1954இல் எழுதியவரும் இதே வீலர்தான். அவர் சொன்ன அந்த மனிதர்களில் யாருக்கு முகம் கிடைத்தது என்பதே கேள்வி.

பிற்கால ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைக் கலைத்தன. வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கஸால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி.ராமனும் தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அரிக்கமேடு இயங்கியது, அது நின்ற பிறகும் நெடுங்காலம் ஊர் இருந்தது என்று தெரிந்தது. மேலை நாட்டு இறக்குமதி என்று வீலர் நினைத்த, உள்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு ஓடும் ரூலெட்டட் பாண்டம் இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுவிட்டது. தொட்டிகள் சாயத் தொட்டிகள்தான் என்பதும் முடிந்த முடிவல்ல, பிற்காலத்துச் சாயத் தொட்டிகளோடு ஒப்பிட்டு வீலர் செய்த ஊகம். மொட்டைமாடியில் நான் அதை உண்மை போலச் சொன்னேன். பேச்சு ருசிக்காக ஊகத்தை உண்மையாக்கினேன். கப்பல் மேடை என்று வீலரைச் சொல்லிவிட்டு நானும் அதில்தான் நின்றிருக்கிறேன்.

5

இனி கப்பலிலிருந்து இறங்கி உள்நாட்டுக்கு வருவோம். திருப்பூரிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரப் பயணம். நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று பாடுவது இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். நல்ல அணிகலன் செய்யும் ஊர் என்பதே அந்தப் பாடல்கள் தரும் சேதி. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ.சுப்பராயலு, கா.ராஜன் ஆகியோரைக் கொண்டு 1980களிலும் 90களிலும் அகழ்ந்தது. 2012, 2013இல் ராஜன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சார்பில் மறுபடி அகழ்ந்தார். தமிழ்நாடு தொல்லியல் துறையும் 2020ஐ ஒட்டி இங்கே தோண்டியிருக்கிறது.

என்ன கிடைத்தது? புதையல் இல்லை. வேலை கிடைத்தது. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றில் செய்த மணிகள். முடிந்த மணி மட்டுமல்ல, பாதி உருட்டியது, துளையிடும்போது உடைந்தது, தூக்கி எறிந்த சில்லு எல்லாம். பச்சைக்கல் காங்கேயம் பக்கத்துப் படியூரில் வெட்டி எடுத்தது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள். நூல் நூற்கும் தக்கிளிகளின் சுடுமண் வட்டுகள். நூற்றுக்கணக்கான பானையோடுகளில் தமிழ்ப் பிராமி, அவற்றில் கண்ணன் ஆதன், விசாகி என்பன போன்ற ஆட்பெயர்கள். அரசன் பெயரல்ல, சோறு வைத்துக்கொண்ட பானைக்குச் சொந்தக்காரர் பெயர். கி.மு. நான்காம் நூற்றாண்டு அளவிலேயே இவ்வூர் இயங்கத் தொடங்கியது என்பது அகழ்ந்தவர்களின் கணிப்பு. அப்படியானால் யவனக் கப்பல்கள் பெருவாரியாக வரத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே.

சேரர் தலைநகர் கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையின் முசிறிக்குப் போகும் பெருவழியில் இந்த ஊர் இருந்தது. அதே நொய்யல் வழியில் கோவைக்கருகே வெள்ளலூரிலும், காங்கேயம் வட்டாரத்துக் கத்தாங்கண்ணியிலும் ரோமானிய வெள்ளிக்காசுக் குவியல்கள் கிடைத்திருக்கின்றன. காசு துறைமுகத்தோடு நிற்கவில்லை, சரக்கு செய்த இடம் வரைக்கும் வந்திருக்கிறது. அது மணி உருட்டியவன் கைக்கு வந்ததா, நடுவிலே இருந்த வணிகன் கையோடு நின்றதா? மண்ணுக்குள் புதைத்து வைக்கும் அளவுக்குக் காசு வைத்திருந்தவன் யார் என்று யோசித்தால் ஓரளவு விடை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. கப்பலில் போனவர்கள் யவனர் மட்டும் அல்ல. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசேர் அல் கதீமிலும் பெரெனிகேவிலும் தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர் கீறிய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பெரெனிகேவில் இந்தியப் பருத்தித் துணித் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ‘அவர்கள் வந்தார்கள்’ என்ற வாக்கியத்தோடு ‘இவர்களும் போனார்கள்’ என்பதைச் சேர்த்தால்தான் அந்தக் கடலின் வரலாறு ஒரு பாதியாவது சரியாகும். மறுபாதி அப்போதும் பாக்கியிருக்கும்: போகாமல் இங்கேயே உட்கார்ந்து மணி உருட்டியவர்கள், நூல் நூற்றவர்கள்.

6

1970களின் இறுதியில் இத்தாலிய வியாபாரி ஒருவர் வெள்ளை டீ ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்ததிலிருந்துதான் ஏற்றுமதி தொடங்கியது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தொழில் பற்றி எழுதியவர்களும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். நேரடி ஏற்றுமதியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கதையின் வடிவத்தைப் பாருங்கள். சும்மா கிடந்த ஊர், தூரத்திலிருந்து ஒருவர், பிறகு வரலாறு. வீலரின் அரிக்கமேடேதான். உள்நாட்டுச் சந்தைக்காக அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இங்கே பனியன் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் தொழிலாளர்கள். ஏற்றுமதியின் கதையைச் சொல்கிற மேடைகளில் இத்தாலியர் வந்த வருடம் சொல்லப்படுகிறது, 127 நாள் சொல்லப்படுவதில்லை.

நான் கொஞ்ச நாள் செக்கிங்கில் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பையர் வருகிற நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முந்தின நாளே தரை கழுவப்படும். எல்லோருக்கும் மாஸ்க் தருவார்கள். முதலுதவிப் பெட்டியில் மருந்து வந்திருக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களை அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பையர் கட்டிங், பவர் டேபிள், அயர்னிங் என்று வரிசையாக நடந்து பார்ப்பார், ஒருவர் விளக்கிக்கொண்டே கூட வருவார். இரண்டு மணி நேரம். பிறகு கார். கப்பல் பயணிகள் கரையிறங்கி இடிபாடு பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விளக்குகிறவர் பொய் சொல்வதில்லை. காட்ட வேண்டியதைக் காட்டுகிறார். வாய்க்கால் மட்டும் வழியில் வருவதில்லை.

வாய்க்கால் எங்கே போயிற்று என்பது நொய்யல்காரர்களுக்குத் தெரியும். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாயிற்று. அணைக்குக் கீழே கிணறு கெட்டது, தென்னை பட்டது, நிலம் உப்பேறியது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு என்ற நிபந்தனையின் பேரில் பிறகு திறந்தார்கள். பட்டறைகள் மூடிக் கிடந்த மாதங்களில் வேலையில்லாமல் ஊர் திரும்பியவர்களும் தொழிலாளர்கள்தான். அதற்கு முன் வெறுங்காலோடு சாயத்தண்ணியில் நின்றவர்களும் அவர்கள்தான். நம்மிடம் கேள்வி கேட்டவர் அந்த இரண்டையும் பார்த்தவர்.

ஒரத்துப்பாளையம் அணை எங்கே இருக்கிறது? கொடுமணலுக்கு அருகிலேயே, அதே நொய்யலில். சங்ககாலக் கைவினைஞர் பெருமை பேச நாம் கொடுமணலுக்குப் போகிறோம். படமெடுத்துக்கொண்டு திரும்புகிறோம். பக்கத்தில் இருக்கும் அணையைப் பற்றிப் பேச வேறு கூட்டம், வேறு ஆட்கள், வேறு நாள். தொல்லியல் ஒரு பக்கம், சுற்றுச்சூழல் ஒரு பக்கம், தொழிற்சங்கம் ஒரு பக்கம். ஆறு மட்டும் ஒன்று.

7

கடைசியாக நம்மைப் பற்றி. காலனிய வரலாற்றெழுத்தை விமர்சிப்பது நமக்கு எளிது. ஐரோப்பிய மையவாதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ‘அன்றே தமிழன் ரோமாபுரியோடு வாணிகம் செய்தான்’ என்று மேடையில் முழங்கும்போது நாம் எங்கே நிற்கிறோம்? கரையில் இல்லை, கப்பல் தளத்தில்தான் நிற்கிறோம். கப்பலின் கொடியை மட்டும் மாற்றியிருக்கிறோம். அப்போதும் ரோமாபுரியின் மதிப்பீடுதான் நமக்கு அளவுகோல். அவன் வாங்கினான், ஆகவே நாம் உயர்ந்தவர்கள். மணி உருட்டியவனுக்கு என்ன கூலி, விசாகி என்று பானையில் எழுதியவர் யார், உலைப்புகை யார் நுரையீரலில் போயிற்று என்ற கேள்விகள் வீலருக்கு வரவில்லை என்றால், நமக்கும் வரவில்லை.

அப்படியானால் பேச்சு வேண்டாம் என்பதா? இல்லை. வீலரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு: நிபுணர் அல்லாதவர் முன் நின்று அவருக்குப் புரியும்படி பேசும் பொறுப்பு. அதை நாம் விட்டுவிடக்கூடாது. மாற்ற வேண்டியது இருக்கையை. சரக்கு செய்கிறவர்கள் உட்கார்ந்து கேட்கிற, கேட்டு முடித்ததும் குறுக்குக் கேள்வி போடுகிற இடத்தில் அந்தப் பேச்சு நடக்க வேண்டும். அங்கே நடந்தால் நம் கட்டுரைகளே வேறு மாதிரி ஆகும். எனக்கு ஆயிற்று.

இரண்டு மாதம் கழித்து அந்த மொட்டைமாடிக்கு மறுபடி போனேன். அறிக்கையின் வரைபடத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துப் போயிருந்தேன். அவை சாயத் தொட்டிகள் என்பதே ஊகம்தான், அன்றைக்கு நான் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று முதலில் சொன்னேன். பிறகு தொட்டிகளையும் வாய்க்கால்களையும் காட்டினேன். அவர் படத்தை வாங்கி டீ டம்ளரை மேலே வைத்து விரித்துப் பிடித்துக்கொண்டு விரலால் வாய்க்காலைத் தொடர்ந்து போனார். தோண்டிய குழியின் ஓரத்தில் கோடு நின்றுவிட்டது.

‘இதுக்கு மேல தோண்டலீங்களா?’ என்றார்.

‘இல்லீங்க.’

‘ஆத்துக்குத்தான் போயிருக்கும்’ என்று சொல்லிப் படத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.